கீழ் முன்பல்லில் ஈறு இறங்கிவிட்டது: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. கீழ்வரிசை நடுப்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் அந்த ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாக நிற்கிறது. பானைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. பல் ஆடவில்லை, ரத்தம் வருவதில்லை, சுகரும் இல்லை.

மூன்று பல் டாக்டர்களிடம் காட்டினேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். சுத்தம் செய்துவிட்டு கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டால் போதும் என்றார் ஒருவர். மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பக்கத்துப் பல்லின் ஈற்றையே நகர்த்தி மூடிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். யார் சொன்னதும் தப்பாகத் தோன்றவில்லை, அதனால்தான் குழப்பம் கூடுதல்.

நம் மாவட்டத்தில் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வலி எப்படி? எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும்? போட்ட ஈறு நின்றதா? நாள் முழுக்க வகுப்பில் பேசுகிறவள் நான். விடுமுறை பார்த்துத்தான் செய்ய முடியும்.

வடசேரிக்காரன்

டீச்சர், எனக்கு மேல்வரிசைக் கோரைப்பல்லில் செய்தார்கள். பயப்படாதீர்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மரப்பு ஊசிதான். அண்ணத்தில் ஒரு கீறல் போட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு, அடியில் இருக்கும் திசுவை மட்டும் எடுத்தார்கள். அதைப் பல் வேரின் மேல் வைத்து, இருக்கிற ஈற்றை மேலிருந்து கீழே இழுத்து அதை மூடித் தைத்தார்கள். அண்ணத்தில் கீறலை மூடித் தைத்துவிட்டதால் அங்கே பெரிய புண் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் இழுவையும் இருந்தது. மாத்திரையில் அடங்கியது. இன்று பார்த்தால் தைத்த இடம் எது என்று எனக்கே தெரியாது.

உங்களுக்கும் இதையே கேட்டுச் செய்யுங்கள். அண்ணத்துத் தோலோடு எடுத்து வைப்பது பழைய முறை. நிறம் ஒட்டாது, திட்டு மாதிரித் தெரியும்.

அருமனை ரப்பர்

மக்களே, ஒரு பல்லுக்காக வாயில் இரண்டு இடத்தில் கத்தி வைக்க வேண்டுமா? எனக்கு 71 வயது. சின்னப் பிள்ளையிலிருந்து உமிக்கரியும் மாவிலையும்தான். பல் ஒன்றும் போகவில்லை. ஈறு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, அதற்கென்ன? வயதானால் இறங்கும். கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கொப்பளி, நல்லெண்ணெய் வாயில் ஊற்றித் துப்பு. அவசரப்பட்டு அறுக்காதே. அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

தக்கலை மாணவி

பின்ஹோல் என்று ஒரு முறை இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? ஊசி முனை அளவுக்கு ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஈற்றைத் தளர்த்தி வேரின் மேல் நகர்த்திவிடுகிறார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை, ஒரே நாளில் பல பற்களுக்குச் செய்யலாம் என்று வீடியோவில் பார்த்தேன். எனக்கும் பல்லுக்குக் கம்பி போட்ட பிறகு கீழ்ப்பற்களில் ஈறு இறங்கியிருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

ஈறு மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்து இங்கே பார்த்துவருகிறேன். இழையில் யாருக்கும் நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது. ஆனால் டீச்சருக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னது ஏன் என்று விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

எந்த அறுவை சிகிச்சை என்ற கேள்வி கடைசியில் வரவேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஈறு ஏன் இறங்கியது, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் எலும்பும் கூர் ஈறும் எப்படி இருக்கின்றன, சிகிச்சையால் நமக்கு என்ன வேண்டும்.

நடு ஈற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவில் மில்லர் என்பவர் 1985-இல் ஈறு இறக்கத்தை நான்கு வகையாகப் பிரித்தார். 2011-இல் இத்தாலியின் கைரோவும் அவருடன் இருந்தவர்களும் அதை மூன்றாகச் சுருக்கினார்கள். 2018-இல் வந்த உலக வகைப்பாட்டில் இந்த மூன்றுதான் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பல் நடுவே எலும்பு குறையவில்லை என்றால் வேரை முழுதாக மூட வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அங்கே குறைந்திருந்தால் ஓரளவுதான் மூடும். முன்பக்கத்தைவிட நடுவில் அதிகமாகப் போயிருந்தால், என்ன செய்தாலும் பழைய இடத்துக்கு ஈறு வராது. மேலே வைக்கும் திசுவுக்கு ரத்தம் பக்கங்களிலிருந்துதான் வர வேண்டும். வேரின் மேற்பரப்பில் ரத்த ஓட்டம் கிடையாது.

பக்கத்திலிருந்து ஈற்றை நகர்த்துவதை க்ரூப், வாரன் இருவரும் 1956-இல் எழுதினார்கள். ஒரே ஒரு பல், பக்கத்துப் பல்லில் தடிப்பான அகலமான ஈறு இருந்தால் இன்றும் நல்ல வழிதான். பக்கத்திலும் ஈறு மெலிந்திருந்தால் அங்கிருந்து எடுப்பது அந்தப் பல்லையும் கெடுக்கும்.

இருக்கிற ஈற்றையே கிரீடம் (ஈற்றுக்கு வெளியே தெரியும் பல்லின் பகுதி) பக்கமாக நகர்த்தித் தைப்பதும் உண்டு. அதற்கு, இறங்கிய இடத்துக்கு அப்பால் கெட்டியான ஈறு கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். வடசேரி அண்ணனுக்குச் செய்தது இதனோடு அண்ணத்து இணைப்புத்திசுவையும் (மேல்தோலுக்கு அடியில் இருக்கும் திசு) சேர்த்தது. லாங்கர் என்ற பெயருடைய இருவர் 1985-இல் எழுதிய பிறகு இது பரவியது. மேல்வரிசைப் பற்களில், நடு எலும்பு நன்றாக இருந்தால், இன்றைக்கும் இதற்கு இணையாக நம்பகமாக வேரை மூடுவது வேறொன்றைச் சொல்வது கடினம்.

தோலோடு எடுத்து வைப்பது பழைய முறைதான், ஆனால் காலாவதியான முறை இல்லை. அதன் வேலை வேறு. ஈற்றில் இரண்டு பகுதி உண்டு: பல்லை ஒட்டிய கெட்டியான இளஞ்சிவப்புப் பகுதி, அதற்குக் கீழே உதட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய சிவந்த பகுதி. கீழ் முன்பற்களில் பலருக்கும் கெட்டிப் பகுதி இல்லாமலே போய்விடுகிறது. உதட்டை இழுத்தால் ஈறும் சேர்ந்து இழுபடும். பிரஷ் பட்டால் வலிக்கும், அதனால் அங்கே சரியாகத் துலக்க முடியாது, அழுக்கு சேரும், இன்னும் இறங்கும். அண்ணத்துத் தோல் அந்தக் கெட்டிப் பகுதியைப் புதிதாக உண்டாக்கித் தருகிறது.

டீச்சர், இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கீழுதட்டை மெதுவாக முன்னால் இழுத்தால் அந்தப் பல்லின் ஈறு வெளுத்து அசைகிறதா? அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தெரிகிறதா?

தக்கலைத் தங்கைக்கு: பின்ஹோலை அமெரிக்காவில் ஜான் சாவோ 2012-இல் வெளியிட்டார். துளை வழியாக ஈற்றைத் தளர்த்தி நகர்த்தி, கொலாஜன் துண்டுகளைத் திணித்து நிறுத்துவார்கள். மேல்வரிசையில் பல பற்களுக்கு உதவக்கூடும். ஆனால் அதற்கு நகர்த்த ஈறு இருக்க வேண்டும், மெலிந்த ஈற்றை அது தடிப்பாக்காது. இணைப்புத்திசு முறைக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆய்வுகள் அதற்கு இல்லை. உங்களுக்கு முதலில் கம்பி போட்ட டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. பல் எலும்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி நின்றால், அதை உள்ளே கொண்டுவராமல் மேலே ஈறு வைப்பதில் பயன் குறைவு.

அருமனை ரப்பர்

டாக்டர் சொல்வது புரிகிறது. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லையே. இறங்கினால் இறங்கட்டும், பல் நிற்கிறது அல்லவா?

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. முதலில் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான். ஈறு இறங்கிய எல்லோருக்கும் அறுவை வேண்டாம். கூடாமல் ஒரே அளவில் நின்று, வலி இல்லாமல், சுத்தமாகத் துலக்க முடிகிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, போட்டோ எடுத்து வைத்தால் போதும். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கூச்சம் மட்டும்தான் தொந்தரவு என்றால் முதலில் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட், ஃபுளோரைடு பூச்சு. வேரில் பள்ளம் விழுந்திருந்தால் நிரப்பலாம்.

வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனால், ஈறு உதட்டோடு இழுபட்டால், துலக்கவே முடியாமல் புண்ணாகிக்கொண்டிருந்தால்தான் காத்திருக்கக் கூடாது. டீச்சருடையது கூடுகிறது என்று எழுதியிருந்தால் எனக்கு முக்கியம் அதுதான். டீச்சர், கூடுகிறதா?

கொய்யா இலைத் தண்ணீரும் எண்ணெயும் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் போன ஈறு அதனால் திரும்பி வளராது. இறங்கி நிற்கும் விளிம்பைத் தாண்டித் தானாக ஈறு வளரும் வழி பேஸ்ட்டிலும் இல்லை, எண்ணெயிலும் இல்லை, ஈற்றைத் தேய்த்துவிடுவதிலும் இல்லை. உமிக்கரியை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் துகள் கரடு. வேர்ப்பகுதி பல்லின் கிரீடத்தைவிட மென்மை, சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும்.

மார்த்தாண்டம் டீச்சர்

டாக்டர், ரொம்ப நன்றி. உதட்டை இழுத்தால் ஈறு வெளுத்து அசைகிறது. உதட்டிலிருந்து ஒரு நார் மாதிரி நேராக அந்தப் பல்லின் அடிக்கு வருகிறது. நடுவில் கறுப்பு இடைவெளி இல்லை. போன வருஷ போட்டோவோடு வைத்துப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருக்கிறது. அந்த இடத்தில் பிரஷ் வைத்தாலே எரிகிறது.

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

அப்படியென்றால் உங்கள் மூன்று டாக்டர்களும் ஒரே வாயைத்தான் பார்த்திருக்கிறார்கள், மூன்று நோக்கத்தோடு. ஒருவர் கூச்சத்தைக் குறைக்க நினைத்தார், ஒருவர் கெட்டி ஈறு உண்டாக்கி இறக்கத்தை நிறுத்த நினைத்தார், ஒருவர் வேரை மூட நினைத்தார்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இழுக்கும் நாரை விடுவித்து, அண்ணத்துத் தோல் வைப்பதுதான் அந்த இடத்துக்கு வழக்கமாகப் பொருந்தும். கீழ் முன்பல்லில் உதட்டுத் தசை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும், உதட்டுக்கும் ஈற்றுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தின் ஆழமும் குறைவு. அங்கே ஈற்றை மேலே இழுத்துத் தைத்தால் திரும்ப இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்கிற டாக்டர் பக்கத்து ஈற்றின் தடிப்பை அளந்து, வேறு முடிவும் சொல்லலாம்.

ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த முறையில் வேர் முழுதாக மூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூடினால் நல்லது. சிலருக்குப் பின்வரும் மாதங்களில் ஈறு தானாகவே சிறிது மேலே ஏறும், ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் பார்த்திருக்கிறோம். அதை வாக்குறுதியாகத் தர முடியாது. இறக்கம் நின்று, வலியில்லாமல் துலக்க முடிவதுதான் வெற்றி.

வடசேரிக்காரன்

டாக்டர், இருந்தாலும் அந்த நிறத் திட்டு? பொம்பளைப் பிள்ளைக்கு முன்பல்லில் அப்படி இருந்தால் மனசு கஷ்டப்படாதா?

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

அண்ணே, மேல் முன்பல்லாக இருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். கீழ் முன்பல்லின் ஈற்றை உதடு மூடிவிடும். பேசும்போது, சிரிக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். தெரிகிறது என்றால் டனல் முறையில், ஈற்றை வெட்டாமல் அடியில் சுரங்கம் மாதிரித் தளர்த்தி, இணைப்புத்திசுவை உள்ளே செருகலாம். கீழ்ப்பல்லிலும் செய்கிறார்கள். நார் இழுப்பதை முதலில் தீர்த்த பிறகு.

தேங்காப்பட்டணம் கடற்கரை

ஸலாம். எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு இதே சிகிச்சை சொன்னார்கள். அண்ணத்தில் எடுக்க வேண்டாம், கடையில் கிடைக்கும் ஜவ்வு வைத்துவிடலாம் என்றார்கள். அது எதிலிருந்து செய்தது என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

கேட்டது மிகவும் சரி, கேட்காமல் சம்மதிக்கவும் கூடாது. ஈறு சிகிச்சையில் பயன்படும் கொலாஜன் ஜவ்வுகளில் பல பன்றியிலிருந்து எடுத்தவை, சில மாட்டிலிருந்து. வேரில் பூசும் எனாமல் புரத ஜெல் பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுப்பது. செல் நீக்கிய தோல் என்று வருவதில் சில தானமாகக் கிடைத்த மனிதத் தோல், சில பன்றித் தோல். வீட்டில் எந்த நம்பிக்கை இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

இவை எதுவும் வேண்டாம் என்றால் கவலை இல்லை. சொந்த அண்ணத்துத் திசு இவை எல்லாவற்றையும்விடத் தரத்தில் குறைந்ததல்ல, உண்மையில் மேல். இன்னொரு வழி பி.ஆர்.எஃப்.: உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காமல் உடனே சுழற்றினால் நடுவில் ஒரு ஜெல்லி போன்ற உறைவு கிடைக்கும். அதை ஜவ்வாக அழுத்தி வைப்பார்கள். 2001-இல் பிரான்சில் ஷூக்ரூன் தொடங்கியது. புண் ஆறுவதற்கு நல்லது, அண்ணத்தில் எடுத்த இடத்தின் வலியையும் குறைக்கும். ஆனால் ஈற்றைத் தடிப்பாக்குவதில் அண்ணத்துத் திசுவுக்கு ஈடாகாது.

குளச்சல் மகன்

அம்மாவுக்கு 62. சுகர் இருக்கிறது, வெற்றிலை போடுவார்கள், புகையிலையும் சேர்த்து. முன்பற்கள் நாலைந்தில் ஈறு இறங்கி நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது, இரண்டு பல் ஆடுகிறது. சுத்தம் செய்த பிறகுதான் ஈறு இன்னும் இறங்கிவிட்டது என்று அம்மா சண்டை போடுகிறார்கள். திரும்பப் போக மாட்டேன் என்கிறார்கள். அம்மாவுக்கும் அண்ணத்திலிருந்து எடுத்து வைக்கலாமா? ஒரு கிளினிக்கில் லேசர் வைத்தால் ஈறு வளரும் என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள்.

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

தம்பி, கட்டாதீர்கள். லேசரால் ஈற்றை வெட்டலாம், கிருமியைக் குறைக்கலாம், இழுக்கும் நாரை விடுவிக்கலாம். எலும்பு போன இடத்தில் ஈற்றை வளர்க்க முடியாது.

அம்மாவுக்கு இருப்பது டீச்சருடையதிலிருந்து வேறு நோய். அங்கே எலும்பே கரைந்திருக்கிறது. நான் மேலே சொன்னதில், நடுவில் அதிகமாகப் போன மூன்றாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது ஈறு ஒட்டுவது பணமும் வலியும் வீண்.

சுத்தம் செய்ததால் ஈறு இறங்கவில்லை என்பதை அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். வீங்கியிருந்த ஈறு வற்றும்போது, ஏற்கெனவே போயிருந்த எலும்பின் மட்டத்துக்கு வந்து நிற்கும். வீக்கம் மறைத்து வைத்திருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு பயத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் பல்லை இழந்தவர்கள் நிறைய.

ஈற்றுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்வது முதல் வேலை. அதோடு எச்பிஏ1சி (கடந்த மூன்று மாத சுகர் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து சுகர் டாக்டரிடம் குறைக்கச் சொல்லுங்கள். சுகர் இறங்கினால் ஈறு ஆறும், ஈறு ஆறினால் சுகரும் கொஞ்சம் இறங்கும். சில வாரம் கழித்துத் திரும்ப அளந்து, பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே ஆழமான பை போன்ற இடைவெளி மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை. எலும்பில் குழி மாதிரி இருந்தால் எலும்புத்தூள் வைக்கலாம். புகையிலையை நிறுத்தாமல் எந்த அறுவையும் சரியாக ஆறாது. வாய் முழுதாகத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பாக்கு பல வருஷம் போட்டவர்களுக்கு வாய் இறுகத் தொடங்கும், அதை யாரும் கவனிக்காமல் விடக் கூடாது.

செலவு பயமாக இருந்தால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் ஈறு நோய்க்குத் தனித் துறை உண்டு, பயிற்சி மாணவர்கள் செய்தாலும் பேராசிரியர் பார்வையில்தான் நடக்கும். நேரம் அதிகமாகும், கட்டணம் குறையும்.

கருங்கல் சிஸ்டர்

நான் நர்ஸ், பல் அறுவைப் பிரிவில் வேலை பார்த்தவள். செய்யப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன்.

வைத்த திசுவுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. அடியிலிருந்து ஊறும் நீரில்தான் உயிரோடு இருக்கும். நட்ட நாற்றைப் போல, அசைத்தால் வேர் பிடிக்காது. அதனால் உதட்டை இழுத்துப் பார்க்கவே கூடாது. வீட்டில் எல்லோரும் காட்டு காட்டு என்பார்கள், காட்டாதீர்கள். டீச்சர் குறைந்தது ஒரு வாரம் வகுப்பு எடுக்காமல் இருந்தால் நல்லது, காலாண்டு விடுமுறையோ கிறிஸ்துமஸ் விடுமுறையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம். சூடான கஞ்சி வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. நன்றாக வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கு, மட்டிப்பழம், தயிர்சாதம், முள் எடுத்த மீன், இவையெல்லாம் ஆகும். ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, மிளகாய் கூடிய குழம்பு, எள்ளுருண்டை வேண்டாம். எள் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தைத்த இடத்தில் சொல்லும்வரை பிரஷ் கிடையாது, மற்றப் பற்களை வழக்கம்போலத் துலக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு தருவார்கள். அதைப் போட்டால் நாக்கில் ருசி மாறும், டீ குடித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். பிறகு சுத்தம் செய்தால் போய்விடும். பேஸ்ட் போட்ட உடனே அதைக் கொப்பளிக்காதீர்கள், அரைமணி நேரமாவது விடுங்கள்.

அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் பதறாமல், நனைத்த துணிச்சுருளை வைத்து பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தட்டு முன்கூட்டியே செய்து தரச் சொன்னால் சாப்பிடும்போது ரொம்ப உதவும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

மார்த்தாண்டம் டீச்சர்

சிஸ்டர் எழுதியதைப் பிரின்ட் எடுத்து அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன். விடுமுறை தொடங்கியதும் செய்துகொண்டேன். நாரை விடுவித்து, அண்ணத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். தைத்த பல்லில் வலியே இல்லை, அண்ணத்தில்தான் சூடான உணவு பட்டால் எரிந்தது. தட்டு போட்டுக்கொண்டதால் சமாளித்தேன்.

இன்று காலையில் பார்த்தால் வைத்த தோல் வெள்ளையாக, செத்த தோல் மாதிரி இருக்கிறது. ஒட்டவில்லையோ என்று கை கால் ஓடவில்லை. உதட்டை இழுக்கவில்லை டாக்டர், பேசும்போது தெரிந்தது.

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

முதல் வாரத்தில் அப்படித்தான் இருக்கும். மேலே உள்ள செல் அடுக்கு உரிந்து விழும்போது வெள்ளையாக, சாம்பல் நிறமாகத் தெரியும். அடியில் சிவப்பு வரும். துடைத்து எடுக்காதீர்கள். சீழ், கெட்ட நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, திசு மொத்தமாக அசைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே போக வேண்டும். இல்லையென்றால் தையல் பிரிக்கும் நாளில் போனால் போதும், வழக்கமாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்

சில மாதம் கழித்து எழுதுகிறேன். உதட்டை இழுத்தால் ஈறு அசைவதில்லை. அந்த இடத்தில் மென்மையான பிரஷ் வைத்து நிம்மதியாகத் துலக்குகிறேன். வேர் முழுதாக மூடவில்லை, கொஞ்சம் தெரிகிறது. கூச்சம் பெரும்பகுதி குறைந்துவிட்டது. வடசேரி அண்ணன் சொன்ன நிறவேறுபாடு உண்மைதான், வெளிறிய திட்டாக இருக்கிறது. உதட்டுக்குள் இருப்பதால் எனக்கு அது வருத்தமாக இல்லை. மேல்பல்லில் இப்படி இருந்தால் நிச்சயம் வருத்தப்பட்டிருப்பேன்.

குளச்சல் மகன்

அம்மா புகையிலையை விட்டுவிட்டார்கள், பாக்கு இன்னும் விடவில்லை. குலசேகரத்தில் காட்டுகிறோம். ஆடிய இரண்டில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். மற்றதைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ரத்தம் வருவது நின்றுவிட்டது.

முட்டத்துக்காரன், ரியாத்

நான் சவூதியில் வேலை பார்க்கிறேன். மேல் கோரைப்பற்கள் இரண்டிலும் வேர் தெரிகிறது, பள்ளமும் விழுந்திருக்கிறது. ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வருவேன். அதற்குள் இரண்டு பக்கமும் செய்து முடித்துவிடலாமா?

ஈறு மருத்துவர், நாகர்கோவில்

வந்து இறங்கிய முதல் இரண்டு நாளில் காட்டுங்கள், கிளம்புகிற வாரத்தில் வராதீர்கள். எக்ஸ்ரே எடுத்து, சுத்தம் செய்து, அதே முதல் வாரத்தில் அறுவை முடிந்தால் தையல் பிரித்து, இன்னொருமுறை பார்க்கவும் நாள் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அண்ணத்தில் போதிய தடிப்பு இருக்கிறதா என்று அளந்துதான் சொல்ல முடியும். பலருக்கு ஒரு பக்கம் இப்போது, மறுபக்கம் அடுத்த விடுமுறையில் என்று செய்வதே நல்லது.

பள்ளத்தை அங்கேயே யாரிடமும் அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். பல் கிரீடம் எங்கே முடிந்தது, வேர் எங்கே தொடங்கியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கிரீடத்தில் தேய்ந்த பகுதியை மட்டும் நிரப்பி, வேர்ப்பகுதியை ஈற்றால் மூடலாம். வேர் முழுக்க நிரப்பிவிட்டால் அதை எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

சிகரெட் பிடிப்பீர்கள் என்றால் இப்போதே நிறுத்திவிட்டு வாருங்கள். பிடிக்கிறவர்களுக்கு வேர் மூடும் அளவு குறைகிறது, இது ஆய்வுகளிலும் தெளிவாக வந்திருக்கிறது. அங்கே எடுத்த எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.